பதினேழாவது ஷரத்து

உட்கார்ந்திருக்கிற இந்த பெஞ்சே தான் வாங்கிக் கொடுத்ததுதான் என்று நஞ்சப்பனுக்கு ஞாபகம் வந்தபோது மணி பதினொன்று இருபது. காசு கொடுத்து வாங்கியது அல்ல. நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் டிபார்ட்மெண்டில் மூன்று நாள் ஒரு ஸ்பிண்டில்கூடச் சுற்றாமல் நிறுத்தி வாங்கியது. ஆபீசுக்கு வருகிற தொழிலாளி செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டே இருக்கவேண்டும் என்றிருந்த காலம் அது. 'நின்றது போதும்' என்று தலைப்புப் போட்டு அவர்தான் சங்கத்துக்காக நோட்டீசு எழுதினார். அன்றைக்குப் போட்ட பலகை இன்றைக்கும் ஆடாமல்தான் இருக்கிறது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாலாக மடித்த மனு இருந்தது. எதிரே கண்ணாடிக் கதவு. கதவுக்கு உள்ளே ஹெச்.ஆர். மேடம் அகல்யா போனில் பேசிக்கொண்டிருந்தாள், வாய் அசைவது மட்டும் தெரிந்தது, சத்தம் வெளியே வரவில்லை. வந்தவுடன் அவரைப் பார்த்து 'ரெண்டு நிமிசம்' என்று இரண்டு விரலைக் காட்டியிருந்தாள். அந்த இரண்டு நிமிசம் முக்கால் மணி நேரமாக முடியாமல் கிடக்கிறது. மரியாதையான பெண். 'உக்காருங்க சார்' என்றுதான் சொன்னாள். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. உட்காராதே என்று சொல்கிற ஒருத்தன் உள்ளே இருந்தால் இந்நேரம் அவர் எழுந்து பேச ஆரம்பித்திருப்பார். உட்காரச் சொல்கிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எந்த நோட்டீசிலும் அவர் எழுதியதில்லை.

மனுவில் 'பணிவுடன்' என்று ஒரு சொல் இருந்தது. அதை எழுத நேற்று ஒரு மணி நேரம் ஆனது. முப்பத்து மூன்று வருசத்தில் இந்த மில்லுக்கு அவர் கையால் எத்தனை காகிதம் போயிருக்கும், ஒன்றிலாவது அந்தச் சொல் உண்டா. 'கோருகிறோம்' என்று எழுதியிருக்கிறார், 'வலியுறுத்துகிறோம்' என்று எழுதியிருக்கிறார், ஆத்திரம் வந்த நாளில் 'எச்சரிக்கிறோம்' என்றும் எழுதியிருக்கிறார். எல்லாமே 'றோம்'. நேற்று 'கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒருமையில் எழுதியபோது அது யாரோ எழுதிய காகிதம்போல இருந்தது. கேட்டதும் பெரிய விசயம் இல்லை. பகல் ஷிப்ட், அரைநைட், முழுநைட் என்று வாரத்துக்கு ஒன்றாகச் சுற்றி வருகிற வேலையில், ஓய்வுபெறும்வரை, அதாவது இன்னும் பதினாலு மாசத்துக்கு, தன்னை அரைநைட்டிலேயே நிறுத்திவைக்க வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் வந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முடித்துப் போகிற ஷிப்ட். காலை முழுக்கக் கையில் இருக்கும். மயிலாத்தாளுக்கு இரண்டு கிட்னியும் போய் ஏழு மாசம். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்கு இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் மிஷினில் படுக்கவைத்து நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். கூட ஓர் ஆள் இருக்கவேண்டும், கையெழுத்துப் போட, திடீரென்று பிரஷர் இறங்கினால் ஓட. ஆள் இல்லாமல் படுக்கவைக்க மாட்டார்கள். மகள் ஓசூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள், போன மாசம் வந்து இருந்துவிட்டுப் போனாள். பகல் ஷிப்ட், முழுநைட் வருகிற வாரத்திலெல்லாம் லீவு போட்டுப் போட்டு லீவு தீர்ந்தது. லீவு இல்லாமல் நின்றதற்கு இரண்டு மெமோ வந்தது. மூன்றாவது மெமோவில் 'இனி ஒரு நாள் வராமல் நின்றாலும் பெயர் நீக்கப்படும்' என்று இருந்தது. இன்று வெள்ளி. திங்களிலிருந்து பகல் ஷிப்ட். செவ்வாய் காலை ஏழு மணிக்கு அவர் இரண்டு இடத்தில் நிற்கவேண்டும். மில் மிஷினிடம் போகாவிட்டால் வேலை போகும், வேலை போனால் இன்சூரன்ஸ் கார்டு போகும், கார்டு போனால் அவளுடைய மிஷின் போகும். அவளோடு போனாலும் அவளுடைய மிஷின்தான் போகிறது, போகாவிட்டாலும் அதுதான் போகிறது. இதை அவர் நேற்றிலிருந்து எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

அவள் இடது கையில், முழங்கைக்குக் கீழே, இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். விரல் வைத்தால் உள்ளே உர்ரென்று ஓடும். அது ஓடும்வரை கவலை இல்லை, நின்றால் உடனே கூட்டிக்கொண்டு வா என்று டாக்டர் சொன்னதிலிருந்து படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் அவள் கையை நீட்டுவாள். "ஓடுதுங்களா?" "ஓடுது, ஓடுது." "நல்லாப் பாத்துச் சொல்லுங்க, சும்மா சொல்லாதீங்க." அவர் நல்லாத்தான் பார்ப்பார். முப்பத்து மூன்று வருசம் ஸ்பிண்டில் ஓடுவதைச் சட்டத்தின்மேல் கை வைத்தே தெரிந்துகொண்ட விரல் அது. எந்த இழை அறப்போகிறது என்று அறுவதற்கு முன்னாலேயே தெரியும். அதே அதிர்வு, ஆனால் சூடாக, தோலுக்கு அடியில். முதல்முறை தொட்டபோது கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். மில்லை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்று தோன்றியது. இந்த மில்லில் ஒரு மிஷின் சத்தம் மாறினால் பிட்டர் ஓடி வருகிறான், சூப்பர்வைசர் ஓடி வருகிறான், வெளியூரிலிருந்து கம்பெனிக்காரன் காரில் வருகிறான். முப்பத்து மூன்று வருசம் ஒருத்தனுடைய கையை வாங்கிக்கொண்டவர்களுக்கு, அந்தக் கை வீட்டில் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்கிற கடமை கிடையாதா. தொழிலாளிக்கு நோய் வந்தால் லீவு உண்டு, சட்டம் இருக்கிறது. அவன் பெண்டாட்டிக்கு நோய் வந்தால் மருந்து உண்டு, லீவு கிடையாது. மருந்தை வாங்கி வாயில் ஊற்றுகிறவன் யார் என்று சட்டம் எழுதினவன் யோசிக்கவில்லை. அவன் யோசிக்கவில்லை சரி, நீ யோசித்தாயா? நாற்பத்திரண்டு கோரிக்கை எழுதினாய். பஞ்சுத் தூசிக்கு வெல்லம் கேட்டாய், சோப்பு கேட்டாய், கேண்டீனில் டீ தண்ணியாக இருக்கிறது என்று கேட்டாய். அதில் பெண்டாட்டி என்ற சொல் ஒரே இடத்தில் வருகிறது, முப்பத்தெட்டாவது கோரிக்கை, தீபாவளிக்குச் சேலை. நினைக்கும்போதே வாய் கசந்தது. தண்ணீர் குடிக்கவேண்டும்போல இருந்தது, எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான். காலையில் கிளம்பும்போது குடத்தை எடுத்துக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொன்னாள். "கண்ணுல பட்டா குடிச்சுப்போடுவேனுங்க." வைத்துவிட்டு வந்தார். இப்போது குடம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்தானே, தானே சொல்லி வைக்கச் சொன்ன இடம்தானே என்று தோன்றியதும் போனை எடுத்து, அழைக்காமல், மறுபடி சட்டைப்பையில் போட்டார்.

"என்னங்க தலைவரே, தன்னந்தனியா?" பக்கத்தில் யாரோ நின்றார்கள். கேண்டீன் மாரப்பன், கையில் டீ கேனோடு. சிரித்துக்கொண்டுதான் கேட்டான். "சும்மா ஒரு வேலையா வந்தேன்" என்றார். "கூட ஆளு வரலீங்களா? இல்ல, விதியைக் கிதிய மாத்திப்போட்டீங்களா?" "போடா, போயி டீயை ஊத்து, ஆறிப்போகுது." மாரப்பன் போனான். போனவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அந்தத் திரும்பல் போதும், சாயங்காலத்துக்குள் டிபார்ட்மெண்ட் முழுக்கப் போய்விடும். விதி அவருடையதுதான். ஆபீஸ் ரூமுக்குள் எந்தத் தொழிலாளியும் தனியாகப் போகக்கூடாது. போனால் இரண்டு பேர், அதில் ஒருத்தர் சங்க நிர்வாகி. தனியாகப் போகிறவன் ஏதோ ஒன்றை விற்றுவிட்டு ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறான், அது அவருடைய வாக்கியம், வாயிற்கூட்டத்தில் நூறுமுறை சொன்னது. பொய்யும் இல்லை. அப்படி விற்ற ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். எட்டுப் பேருக்கு வேலை போனது அந்த ஆட்களால்தான். ஆனால் அந்த எட்டுப் பேரை நினைக்கிறபோது கூடவே ஒன்பதாவதாக ஒருத்தன் வந்து நிற்கிறான். அவனை நினைக்கவேண்டாம் என்றுதான் காலையிலிருந்து குடத்தையும் கையையும் நினைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிங்கிரி. அவரோடு ஒரே வரிசையில் ஃபிரேமில் இழை பார்க்கிற சைடராக நின்றவன். இருபத்து நாலு வருசத்துக்கு முன்னால் வேலைப்பளுத் தகராறு நடந்துகொண்டிருந்த நேரம் ஒரு மத்தியானம் ஆபீஸ் ரூமுக்குள் தனியாகப் போய்க் கால் மணி நேரம் கழித்து வந்தான். எதுக்குப் போனாய் என்று கேட்டால் சொல்லவில்லை. அந்த வாரத்திலிருந்து அவனுக்கு மட்டும் நிரந்தர அரைநைட். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நோட்டீசு எழுதினார், 'ஒற்றை ஆளாய்ப் போனவன்'. எழுதும்போது கை பறந்தது, ஓர் அடித்தல் இல்லை, அந்த மாதிரி அதற்கப்புறம் எழுத வரவில்லை என்பது அவருக்கே தெரியும். சங்கத்திலிருந்து பெயரை அடித்தார்கள். கேண்டீனில் அவன் உட்கார்ந்தால் அவனுக்கு எதிரே டம்ளரைக் கவிழ்த்துவைப்பார்கள், யாரும் பேசமாட்டார்கள், கவிழ்த்த டம்ளரைப் பார்த்துவிட்டு அவனே எழுந்து போவான். நோட்டீசு ஒட்டின மூன்றாம் நாள் நிர்வாகம் அவனை மறுபடி சுற்று ஷிப்ட்டில் போட்டது. சங்கத்துக்குப் பயந்து பின்வாங்கினார்கள் என்று வெற்றி நோட்டீசு ஒன்று அடித்தார். அந்தச் சூட்டிலேயே ஒப்பந்தத்தில் பதினேழாவது ஷரத்தைச் சேர்க்கவைத்தார். மூன்று மாசத்தில் வெள்ளிங்கிரி வேலையை விட்டான். நாலாவது மாசம் அவன் பெண்டாட்டி பூவாத்தாள் செத்துப்போனாள், கர்ப்பப்பையில் புற்று. சங்கத்திலிருந்து மாலை போகவில்லை. எழவுக்குப் போய்வந்த ஒருத்தன்தான் சொன்னான், தினமும் காலையில் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, கூட்டிக்கொண்டு போகத்தான் அரைநைட் கேட்டிருக்கிறான் என்று. கேட்டபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடிக்காமலே, "சங்கத்துகிட்டச் சொல்லியிருக்கலாமல்லோ" என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அப்போதும் அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, அப்புறமும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது இந்தப் பலகையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தார். தனி ஆளுக்குச் சலுகை கிடையாது தோழர் என்று சொல்லியிருப்பார். குரல்கூடக் காதில் விழுந்தது, நல்ல கணீரென்ற குரல். அந்த வெள்ளிங்கிரி மூன்று வருசத்துக்கு முன்னால், ஏதோ ஏஜென்சி மூலமாக, நீலச் சட்டை போட்டுக்கொண்டு இதே மில் கேட்டில் செக்யூரிட்டியாக வந்து உட்கார்ந்தான். தினமும் அவனைத் தாண்டித்தான் உள்ளே வருகிறார். இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. இன்று ஷிப்ட் இல்லாத நேரத்தில் வந்ததால் ரிஜிஸ்டரில் எழுதவேண்டியிருந்தது. "காரணம் என்னன்னு எழுதட்டுங்க?" என்று தலை நிமிராமல் கேட்டான். "சொந்த வேலை" என்றார். அவன் எழுதினான். என்ன எழுதினான் என்று அவர் பார்க்கவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. "சாரி சார், ரொம்ப நேரம் உக்கார வெச்சுட்டேன். வாங்க." உள்ளே ஏ.சி. குளிர் கழுத்தில் விழுந்தது. அகல்யா மனுவை முழுக்கப் படித்தாள், அவசரமில்லாமல், 'பணிவுடன்' உட்பட. படிக்கும்போது அவள் முகம் நிஜமாகவே வாடியது, அதை அவர் பார்த்தார், அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். "எங்க பெரியம்மாவுக்கும் டயாலிசிஸ்தான் சார். எனக்குப் புரியுது." "அப்பக் குடுத்துருங்க மேடம், அரைநைட்டுக்கு யாரும் விரும்பி வர்றதில்லை, ஆளு தேடிட்டுத்தான் இருக்கீங்க." "குடுக்கலாம் சார். குடுக்கணும்னுதான் நேத்துல இருந்து ஃபைலைப் பாத்துட்டிருக்கேன்." அவள் ஒரு பழைய கோப்பைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். பழுப்பேறிய தாள், கீழே இரண்டு தரப்புக் கையெழுத்து, ஓரத்தில் பதினேழு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அவருடைய கையால் எழுதிச் சேர்த்த வரிகள். 'எந்தத் தொழிலாளியின் தனிப்பட்ட கோரிக்கையையும் நிர்வாகம் நேரடியாகப் பெறக்கூடாது. சங்கத்தின் எழுத்துமூலமான பரிந்துரையுடன், கோரிக்கைக்கு உரியவர் அல்லாத நிர்வாகி ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே பெறவேண்டும்.' "உங்க கையெழுத்து அழகா இருக்கு சார்" என்றாள். கிண்டல் இல்லை. "இந்த ஒப்பந்தத்துக்கு அப்புறம் புதுசா எதுவும் போடலை. இதுதான் இன்னும் இருக்கு. நான் நேரா வாங்கினா ஹெட் ஆபீஸ்ல என்னைக் கேப்பாங்க. சங்கத்துல இருந்து ஒரு லெட்டர், கூட ஒருத்தர். இன்னிக்கே கொண்டு வந்தா இன்னிக்கே போட்டுடறேன்." "சங்கச் செயலாளர் நான்தானே மேடம்." "தெரியும் சார். உங்களுக்கு நீங்களே பரிந்துரை எழுத முடியாதே. 'உரியவர் அல்லாத'ன்னு போட்டிருக்கு. வேற யாராவது நிர்வாகி?"

வேறு யார். தலைவர் தேவராஜ் செத்து இரண்டு வருசம். பொருளாளர் திருப்பூரில் மகன் வீட்டில் வாய் பேசமுடியாமல் படுத்திருக்கிறார். மில்லில் நிரந்தரத் தொழிலாளி அறுபத்தொரு பேர்தான் மிச்சம். மற்றதெல்லாம் ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளைகள். அவர்களைச் சங்கத்தில் சேர்க்கவேண்டும் என்று பேசினார், அவர்கள் பாசை தெரியவில்லை, விட்டுவிட்டார். புது நிர்வாகியைத் தேர்ந்தெடுக்கப் பொதுக்குழுவைக் கூட்டவேண்டும், கூட்ட இருபத்தொரு நாள் நோட்டீசு, அதுவும் அவர் எழுதிய விதி. 'உரியவர் அல்லாத' என்ற சொல்லைச் சேர்த்தபோது தேவராஜ், "இது எதுக்குங்க, நாம நிர்வாகிங்க நமக்குன்னு போயி எதையாவது கேட்டுட்டா நிப்போம்?" என்று சிரித்தான். "நமக்கும் சேத்துத்தான்" என்றார். அப்படிச் சொன்னதில் அன்றைக்கு எவ்வளவு பெருமை. மேசைமேல் தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அகல்யா தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் குடிக்கவில்லை. ஏதாவது கத்தவேண்டும் என்று தேடினார். உன் முதலாளி என்று ஆரம்பிக்கலாம். அந்த முதலாளி இந்தக் காகிதத்தை அன்றைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னார், இது யாருக்குமே நல்லதில்லை நஞ்சப்பா என்றார். அதை முதலாளியின் தந்திரம் என்று அவர் வாயிற்கூட்டத்தில் விளக்கினார், கைதட்டினார்கள். "வரேன் மேடம்" என்று எழுந்தார். மனுவைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

கேட்டுக்கு வரும் வழி நெடுகப் பஞ்சு மூட்டை லாரிகள் நின்றன. செக்யூரிட்டி ரூமில் மேசைமேல் பிளாஸ்க், அதற்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த இரண்டு டம்ளர். வெள்ளிங்கிரி ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தான். "வெளிய போற நேரம் போடோணும்ங்க." பேனாவை வாங்கியவர் அப்படியே நின்றார். "ஆச்சுங்களா?" என்றான் வெள்ளிங்கிரி. "ரெண்டாவது ஆளு வேணுமாம்." வெள்ளிங்கிரி சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. "செவ்வாக்கெழம மிஷினுங்களா?" "உனக்கு யாரு சொன்னது?" "யாருங்க சொல்லோணும்? செவ்வா, வியாழன், சனி ஓடி வாறீங்க. மூணு நாளு மட்டும் ஓடற மனுசன் வேற எதுக்குங்க ஓடுவாரு." அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டே, "வெள்ளிங்கிரி, அன்னிக்கு நீ எதுக்கு உள்ள போனேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "தெரியுங்களா." "எழவு அன்னிக்கே தெரியும்." "செரி. அப்ப அரைநைட்டை நானே திருப்பிக் குடுத்தது தெரியுங்களா?"

தெரியாது. நிர்வாகம் பயந்து பின்வாங்கியது என்றுதான் தெரியும், அதற்கு நோட்டீசு அடித்திருக்கிறார், சிவப்பு மையில். "நோட்டீசு ஒட்டின மக்யாநாளே எழுதிக் குடுத்துட்டேனுங்க, எல்லாருக்கும் எப்படியோ எனக்கும் அப்படியேன்னு. பதினோரு கரண்ட் வெச்சிருந்தாங்க. முப்பது வெக்கோணும். பகல் ஷிப்ட்டு வந்த வாரம் நான் ஃபிரேம்ல நின்னேன், அவ வீட்டுல இருந்தா." "எதுக்குடா குடுத்தே?" என்றார் நஞ்சப்பன். வெள்ளிங்கிரி அவரை நேராகப் பார்த்தான். "நீங்கதானுங்க எழுதியிருந்தீங்க. தனக்கு மட்டும்னு ஒருத்தன் வாங்கறது எல்லாத்துகிட்ட இருந்தும் திருடறதுன்னு. நல்லா எழுதியிருந்தீங்க. அவளுக்கும் படிச்சுக் காட்டினேனுங்க. அவளும் செரின்னுதான் சொன்னா." கோபமே இல்லாமல் சொன்னான். கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். நஞ்சப்பன் மேசையைப் பிடித்துக்கொண்டார். கவிழ்த்த டம்ளர்கள் மெல்ல உரசிக்கொண்டன. உள்ளே ஃபிரேம் ஓடுகிற அதிர்வு இதுவரைக்கும் வந்துகொண்டிருந்தது. "நீ என்கூட வர்றியா" என்று கேட்டுவிட்டார், கேட்கவேண்டும் என்று நினைக்கும் முன்னாலேயே. "நான் ஏஜென்சி ஆளுங்க. எம் பேரு செல்லாது. செல்லற காலத்துல நீங்க அடிச்சுட்டீங்க." வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போலான்னாலும் ஏழு மணிக்கு இங்க நிக்கோணும்ங்க. கையெழுத்துப் போடுங்க, வண்டி நிக்குது."

போடுவதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. மயிலாத்தாள். "ஏனுங்க, ஆச்சுங்களா?" குரலில் ஈரம் இருந்தது, தண்ணீர் குடித்த ஈரமா, குடிக்காத ஈரமா. "பேசியிருக்கேன்." "தனியாவா போனீங்க?" முப்பது வருசமாக அந்த விதியை அவளும் வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். "இல்ல." "கூட யாரு வந்தது?" ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது. அவருடைய பெயர், வந்த நேரம், பார்க்க வந்த ஆள். காரணம் என்ற இடத்தில், அவர் சொன்னது இல்லை, 'வீட்டில் உடம்பு சரியில்லை' என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்தில், குண்டு குண்டான எழுத்தில், 1.

"வெள்ளிங்கிரி" என்றார் போனில்.

வெள்ளிங்கிரி தலை நிமிர்ந்தான். லாரிக்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான்.

"எந்த வெள்ளிங்கிரிங்க?" என்றாள் மயிலாத்தாள். "நோட்டீசு போட்டீங்களே, அவருங்களா?"